தொழிலாளரும் உயிர் காக்கும் பயிற்சியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த திருத்தலம் என்பது மட்டுமே ஜனங்களின் நினைவுக்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இன்றோ, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையில் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்து, இரவும் பகலும் ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. தமிழரோடு ஒடிஸா, பீஹார் முதலிய ராஜ்யங்களின் வாலிபர்களும் அங்கே உழைக்கின்றனர்.

இவர்களில் ஒருவன் மின்சாரம் தாக்கியோ, இருதயம் திடீரென நின்றோ விழுந்தால் நடப்பதென்ன? கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். ஒருவர் சோடா கொணரச் சொல்கிறார். மற்றவர் ஆம்புலன்ஸ் வரும் வழியைப் பார்த்து நிற்கின்றனர். இரக்கத்திற்குக் குறைவில்லை; பயிற்சிதான் இல்லை.

2008-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் செய்துவரும் சேவையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இருதயம் நின்ற நான்கைந்து நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கிறது. ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் நெருங்கும் சாலையில், அதற்குள் எந்த வண்டி வந்து சேரும்? அந்நிமிஷங்கள் அருகில் நிற்பவனுடைய பொறுப்பேயாகும்.

ஸி.பி.ஆர். என வழங்கும் இம்முறை கடினமானதன்று. மார்பைப் பிளக்காமலே கைகளால் அழுத்தி இரத்த ஓட்டத்தை நடத்தலாமென்று 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்தார் மூவர் வெளியிட்டனர். மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மின்னோட்டத்தை நிறுத்தவேண்டும். விழுந்தவன் தட்டியழைத்தும் உணராமல், சரியாக மூச்சும் விடாதிருந்தால், ஒருவரை 108-க்கு டெலிபோன் செய்யச் சொல்லி, அவனைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நடு மார்பின்மேல் கைமேல் கை வைத்து, 5 முதல் 6 ஸென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு மேலெழ விடவேண்டும். களைத்தால் மற்றொருவர் ஏற்க வேண்டும். உதவி வரும் வரை நிறுத்தலாகாது.

டென்மார்க் தேசம் 2005-இல் பள்ளிகளிலும், 2006-இல் மோட்டார் லைசென்ஸ் பெறுவோருக்கும் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2001-இல் 100-க்கு 21 பேருக்கே கிடைத்த இவ்வுதவி, 2010-இல் சுமார் 45 பேருக்குக் கிடைத்தது. வேறு சீர்திருத்தங்களும் துணைசெய்ய, பிழைத்தோர் விகிதம் மும்மடங்காயிற்று.

நமது நிலையென்ன? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதற்குப் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவரும் வேண்டுமென விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்சட்டங்கள் அமுலுக்கு வந்துள்ளன. சட்டம் எதுவாயினும், அந்தப் பொறுப்பாளரைத் தேடிப்பிடிக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். போலீஸ், கோர்ட்டு என்று அஞ்சுவோரும் உளர். வாகன விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு, 2019-இல் சேர்க்கப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுவே: நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பேதமின்றி, ஒவ்வொரு ஷிப்டிலும் எல்லோருக்கும் இப்பயிற்சி அளிக்கவேண்டும். பஸ் டிரைவர்களையும் விடுதிக் காவலர்களையும் விட்டுவிடலாகாது. தமிழோடு ஹிந்தியிலும் ஒரியாவிலும் கற்பிக்கவேண்டும். பயிற்சி நேரத்திற்குக் கூலி பிடிக்கலாகாது. கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் போராடும் தொழிற்சங்கங்கள் இதையும் தங்கள் கோரிக்கைகளில் சேர்க்கவேண்டும். முதலாளிகள் மறுப்பதற்கு இதில் செலவு அதிகமில்லை. தேச ஊழியர்கள் காத்திருப்பதற்கு நியாயமுமில்லை.