ஒரு மில்லிமீட்டர் நீண்டால்

கார் என்ஜினின் டைமிங் செயினைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். பெல்ட் அறும், செயின் அறாது. ஆகவே செயின் உள்ள வண்டிக்காரருக்கு அந்தக் கவலை வேண்டாம். முதல் வாக்கியத்தில் பெரிய பிழை இல்லை. ஓடும் என்ஜினில் எஃகுச் சங்கிலி இரண்டாக அறுவது அரிதுதான். அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு. இழுப்பது மட்டுமே இந்தச் சங்கிலியின் வேலை என்றால், அறாதவரை அது நல்ல சங்கிலி. ஆனால் அது செய்யும் முக்கியமான வேலை அளப்பது. கிராங்க் தண்டு இத்தனை டிகிரி திரும்பியிருக்கும்போது கேம் தண்டு இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கை ஒவ்வொரு சுற்றிலும் அதுதான் காப்பாற்றுகிறது. நீண்டுபோன அளவு நாடாவை, இன்னும் கிழியவில்லையே என்று எந்தத் தையற்காரரும் வைத்துக்கொள்வதில்லை. செயினை எப்போது மாற்றுவது, கூடவே எதையெல்லாம் மாற்றுவது, மாற்றியபின் எப்படிப் பொருத்துவது என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் தெளிவாகிவிடுகின்றன.

கணக்கு எளிது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்து மூட வேண்டும். எனவே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். கேம் பல்சக்கரத்தில் பற்கள் இரண்டு மடங்கு இருக்கும். கிராங்கில் 18 பல், கேமில் 36 பல், சங்கிலியின் கண்ணிக்குக் கண்ணி 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேம் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்ற 288 மி.மீ. சங்கிலி அதன்மேல் ஓட வேண்டும். அப்படியானால் சங்கிலி 1 மி.மீ. பிசகினால் கேம் 1.25 டிகிரி பிசகும்; கிராங்கின் கணக்கில் அது 2.5 டிகிரி. ஒரு பல் முழுதாகத் தாண்டிவிட்டால் கிராங்கில் 20 டிகிரி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. புகை வெளியேறி முடிந்து புதுக் காற்று நுழையும் நேரத்தில் பிஸ்டன் மேல்முனையில் நிற்க, இரு பக்க வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். இன்றைய பல என்ஜின்களில் அப்போது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இருப்பது ஒருசில மில்லிமீட்டர்தான். டீசல் என்ஜின்களில் அந்த இடைவெளி இன்னும் குறைவு. ஒரு பல் தாண்டிய என்ஜின் திணறிக்கொண்டாவது ஓடக்கூடும். இன்னும் சில பற்கள் தாண்டினால் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும், ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

அறாத சங்கிலி எப்படி நீள்கிறது? அதன் எஃகுத் தகடுகள் ரப்பரைப் போல இழுபடுவதில்லை. தேய்மானம் நடப்பது மூட்டுகளில், ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உரசும் இடத்தில். சங்கிலி ஒவ்வொரு பல்சக்கரத்திலும் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை மடங்குகிறது. மேலே சொன்ன சக்கரங்களோடு இரண்டு கேம் தண்டுகளும் 130 கண்ணிகளும் உள்ள என்ஜினில், 3000 சுற்று வேகத்தில், ஒரு மூட்டு மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் முறை மடங்குகிறது. ஒவ்வொரு மூட்டிலும் 0.02 மி.மீ. தேய்ந்தால் மொத்தச் சங்கிலியும் 2.6 மி.மீ. நீண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், கண்ணிகளின் எண்ணிக்கையால் பெருக்கப்பட்டு, டிகிரியாக வெளிப்படுகிறது. இந்த உருளைச் சங்கிலியின் அமைப்பு புதியதல்ல. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கியது. (அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2008-இல் கோவை எல்.ஜி.பி.யின் தொழிற்சாலைச் சங்கிலிப் பிரிவின் பெரும்பங்கை வாங்கியது, எல்.ஜி.பி.யோ ‘ரோலான்’ என்ற பெயரில் வாகனச் சங்கிலிகளைத் தொடர்ந்து செய்துவருகிறது.) 1880-இலும் சரி, இன்றும் சரி, அந்த மூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம்தான்.

ஆயில் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெல்ட்டின் வயதைக் கிலோமீட்டரிலும் ஆண்டிலும் எண்ணலாம். செயினின் வயது அது குளித்த ஆயிலின் வயது. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்கள் பரவியபின் ஆயிலில் நுண்ணிய புகைக்கரி சேர்வது கூடியது. எரியாத பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போவதும் சேர்ந்துகொண்டது. மூட்டுக்குள் புகும் கரி, அரைக்கும் பொடியாக வேலை செய்கிறது. தொழில்துறை இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு சான்று: 2020-இல் நடைமுறைக்கு வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. ஆயில் தரத்தில், செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு தனிச் சோதனை சேர்க்கப்பட்டது. ஃபோர்டின் 2 லிட்டர் டர்போ என்ஜினை ஓட்டி, முடிவில் செயின் 0.085 சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தால் அந்த ஆயில் தேறாது. நம் 130 கண்ணிச் சங்கிலியில் அது 1 மி.மீ.க்கும் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 3.6 லிட்டர் வி6 என்ஜின்களில் செயின் தேய்மானப் புகார்கள் எழுந்தபோது, ஆயில் மாற்றச் சொல்லி நினைவூட்டும் மென்பொருளைத் திருத்தி, அந்த இடைவெளியைக் குறைத்தது. செயின் கெடுகிறது என்றதும் ஆயில் கணக்கைக் குறைத்த அந்த முடிவு, நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செயின் நீண்டால் தளர்ச்சியை இழுத்துப் பிடிக்கத்தானே டென்ஷனர் இருக்கிறது? இருக்கிறது, ஆயில் அழுத்தத்தில் ஒரு தண்டு வெளியே வந்து, சங்கிலி உரசி ஓடும் கைடைத் தள்ளும், பின்வாங்காமலிருக்க உள்ளே பற்கள் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது தள்ளுவது சங்கிலியின் தளர்ந்த பக்கத்தை. கேமை இழுப்பது மறுபக்கம், இறுக்கமான பக்கம். அந்தப் பக்கத்தில் 50 கண்ணிகள் இருந்து ஒவ்வொன்றும் 0.02 மி.மீ. தேய்ந்திருந்தால் 1 மி.மீ. நீளம் கூடி, கேம் 2.5 கிராங்க் டிகிரி பிந்திவிடும். டென்ஷனர் எவ்வளவு தள்ளினாலும் அந்தப் பிந்தலைத் திருத்த முடியாது. அது சத்தத்தை அடக்கும், பிழையை அடக்காது. பழைய மெர்சிடீஸ் என்ஜின்களுக்கான உதிரிபாகப் பட்டியல் இதற்கு நல்ல சாட்சி. செயின் நீண்டதால் பிந்திய கேமை முன்னே கொண்டுவர, சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும், சற்றே ஒதுக்கி வெட்டிய சாவிகளைப் பல அளவுகளில் அந்த நிறுவனமே விற்றது. நம் ஊரில் டெம்போ டிராக்ஸ் வண்டிகளில் ஓடிய ஓ.எம்.616 டீசல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரட்டை வரிசைச் சங்கிலி பூட்டிய, முரட்டு உழைப்புக்குப் பேர்போன அந்த என்ஜினுக்கே இப்படி ஒரு சாவி தேவைப்பட்டது. அதைவிட மெலிந்த ஒற்றை வரிசைச் சங்கிலிக்குத் தேவைப்படாது என்று நம்ப வழியில்லை.

டென்ஷனரே கெடுவதும் உண்டு. பின்வாங்காமல் பிடிக்கும் பற்கள் தோற்றால், நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் வடிந்தபின் சங்கிலி தளர்ந்து நிற்கும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முதல் சில சுற்றுகளில் பல் தாண்டிவிடலாம். ஃபோக்ஸ்வேகன், ஆவுடி கார்களின் செயின், டென்ஷனர் தொடர்பான வழக்கு அமெரிக்காவில் 2018-இல் வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடு தரும் சமரசத்தில் முடிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கேட்கும் கரகரப்பைப் பெரிதாக நினைக்காதவர்கள் அதிகம். ஆயில் அழுத்தம் ஏறுமுன் சங்கிலி கைடில் அடிக்கும் சத்தமாக அது இருக்கலாம்.

‘என்ஜின் ஆயுள் முழுக்க வரும்’ என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும்போது எதற்காகக் கவலைப்பட வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. அந்த வாசகம் பொய்யில்லை; ஆனால் அதற்குள் நிபந்தனை ஒளிந்திருக்கிறது. குறித்த தர ஆயில், குறித்த காலத்தில் மாற்றம், வாசலில் நின்றபடியே மணிக்கணக்கில் ஏ.சி.க்காக ஓடாத என்ஜின் ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. நகர நெரிசலில் ஐட்லிங்கில் நிற்கும் வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் நகராது. செயின் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ‘இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்று’ என்ற பொது விதியையும் நான் ஏற்கமாட்டேன். நல்ல ஆயிலில் ஓடிய செயினைத் தேதி பார்த்துக் கழற்றுவது வீண் செலவு. அளந்து பார்ப்பதே முறை. கிராங்க் சென்சார், கேம் சென்சார் இரண்டும் தனித்தனியே இடம் சொல்வதால், பல வண்டிகளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்கேனரில் டிகிரியாகவே படிக்கலாம். அது எல்லை தாண்டினால் பி0016 போன்ற பிழைக் குறியீடு பதிவாகும். சில என்ஜின்களில் டென்ஷனர் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதைப் பார்த்தும் மதிப்பிடலாம். குறியீடு வந்ததும் சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவது பரவலான பழக்கம். சென்சார் சொன்ன செய்தி உண்மையாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

மாற்றுவது என்று முடிவானால் செயினை மட்டும் மாற்றினால் போதாதா? பல்சக்கரம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாதம் செலவைக் குறைக்கும் நல்லெண்ணத்தில் வருவது. ஆனால் பழைய சங்கிலி நீள நீள, அதன் உருளைகள் பல்லின் அடியில் அமராமல் மேலேறி அமர்ந்து, பல்லின் முகத்தைத் தன் நீளத்துக்கு ஏற்பத் தேய்த்திருக்கும். சரியான அளவுள்ள புதுச் செயினுக்கு அந்தப் பல் பிழையான அச்சு. புதியதும் விரைவில் பழையதன் வழியிலேயே தேயும். பழைய செயின் பள்ளம் பறித்த பிளாஸ்டிக் கைடுகளும், ஓரளவு வெளியே வந்துவிட்ட டென்ஷனரும் அப்படியே. உதிரிபாகத்தைவிடக் கழற்றிப் பூட்டும் கூலிதான் இந்த வேலையில் பெரிது. சங்கிலி கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் பி.எம்.டபிள்யூ. என்47 போன்ற என்ஜின்களில் என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கூலியை இரண்டு முறை கொடுப்பதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

பொருத்துவதில்தான் கைத்திறன். முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, அல்லது தயாரிப்பாளர் குறித்த வேறு நிலையில் நிறுத்தி, கிராங்கை ஒரு பூட்டு ஊசியாலும் கேம்களை அதற்கான பூட்டுக் கருவியாலும் அசையாமல் பிடிக்க வேண்டும். பெயின்ட் தொட்டு அடையாளம் வைத்துக்கொண்டு பழையபடியே பூட்டிவிடலாம் என்ற குறுக்குவழியில் ஒரு பொறி இருக்கிறது: நீண்ட செயினோடு பிசகி நின்ற நிலையைத்தான் அந்தப் பெயின்ட் பதிவு செய்கிறது. பல என்ஜின்களில் கேம் சக்கரத்துக்குத் தண்டோடு சாவியே கிடையாது; போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம். ஃபோர்டு டுராடெக், மாஸ்டா எல் வகை என்ஜின்களில் கிராங்க் சக்கரமும் அப்படித்தான். அங்கே அடையாளம் எதுவும் எதையும் நிரூபிக்காது; தண்டுகளைப் பூட்டி, சக்கரத்தைத் தளர்வாக விட்டு, இறுக்கமான பக்கத்தில் சற்றும் தொய்வில்லாமல் சங்கிலியை ஏற்றி, டென்ஷனரை விடுவித்து, அதன்பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். அந்தப் போல்ட் பெரும்பாலும் இழுபடும் எல்லைவரை முறுக்கப்படும் வகை. முதலில் டார்க் ரெஞ்ச், பிறகு டிகிரிக் கணக்கு, ஒரு முறை கழற்றினால் புதியது. பழைய போல்ட்டைத் திரும்பப் போட்டால் சத்தமில்லாமல் சக்கரம் வழுக்கி, செய்த வேலை அத்தனையும் வீணாகலாம்.

பூட்டியபின் கருவிகளை எடுத்துவிட்டு, ஓடும் திசையிலேயே கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, கருவிகள் மறுபடி தடையின்றி நுழைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னோக்கிச் சுற்றக்கூடாது, அப்படிச் சுற்றினால் இழுக்கும் பக்கம் தளர்ந்து, டென்ஷனர் இருக்கும் பக்கம் சுமை தாங்கும், பல் தாண்ட வாய்ப்பு உண்டு. இந்த இடத்தில் புதியவர்கள் பதறும் ஒரு காட்சி வரும். பூட்டும்போது சக்கரத்தின் குறிகளோடு பொருந்திய வண்ணக் கண்ணிகள் இரண்டு சுற்றுக்குப் பின் வேறெங்கோ நிற்கும். பிழையில்லை. இரண்டு கிராங்க் சுற்றில் 36 கண்ணிகள்தான் நகர்கின்றன. 130 கண்ணிச் சங்கிலியில் வண்ணக் கண்ணிகள் எல்லாக் குறிகளோடும் மறுபடி பொருந்த 130 கிராங்க் சுற்றுகள் வேண்டும். வண்ணக் கண்ணி பொருத்தும்போது எண்ண உதவுவது. சரிபார்க்க வேண்டியது தண்டுகளின் நிலையை.

கேம் நேரத்தைத் தானே முன்பின் நகர்த்தும் வி.வி.டி. இருக்கும்போது ஒன்றிரண்டு டிகிரிப் பிசகைக் கணினியே சரிசெய்யாதா என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி. ஓரளவு செய்யும். ஆனால் அந்தக் கருவி நகர்வது பூட்டிய அடிநிலையிலிருந்து எண்ணித்தான். ஸ்டார்ட் ஆகும்போதும் பெரும்பாலும் ஐட்லிங்கிலும் அது அடிநிலையிலேயே பூட்டிக்கிடக்கிறது. அங்கே பிசகு பிசகாகவே நிற்கும். பொருத்தும்போது அந்தப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், கச்சிதமாகக் கோத்த செயினும் தவறான கேம் நேரத்தைத் தரக்கூடும்.

வேலை முடிந்து, எரிபொருளை நிறுத்தி ஸ்டார்ட்டரில் சற்றுச் சுற்றி ஆயில் அழுத்தம் ஏறியபின் என்ஜினை ஓட விட்டு, சூடானதும் ஸ்கேனரில் கிராங்க், கேம் வேறுபாட்டு எண்ணைப் படித்து சர்வீஸ் புத்தகத்தில் எழுதித் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். இந்த எண் என்ஜினுக்கு என்ஜின் மாறும். பக்கத்து வீட்டுக் காரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஆயில் மாற்றும்போதெல்லாம் அதே எண்ணைக் கேட்டு, அதற்குக் கீழே எழுதிக்கொண்டே வரலாம்.