கண்ணில் படாத 7,775 பேர்

2008-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. மாயவித்தைக்காரர் டெரன் பிரவுன், ஒரு பெண்ணுக்குக் குதிரை ரேஸ் டிப்ஸ் அனுப்புகிறார். முதல் குதிரை ஜெயிக்கிறது. இரண்டாவதும் ஜெயிக்கிறது. ஐந்து ரேஸ், ஐந்தும் வெற்றி. அந்தப் பெண்ணுக்கு இனி என்ன சந்தேகம் இருக்கும்?

ரகசியத்தைப் பிரவுனே உடைத்தார். டிப்ஸ் போனது 7,776 பேருக்கு! ரேஸில் ஆறு குதிரைகள். ஆட்களை ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு குதிரையைச் சொன்னார். எது ஜெயித்தாலும் 1,296 பேருக்குச் சரியான டிப்ஸ் போயிருக்கும். அவர்களை மட்டும் மறுபடி ஆறாகப் பிரித்தால் 216. அப்புறம் 36, 6, கடைசியில் 1. குதிரையைப் பற்றி எதுவும் தெரியாமலே ஒரு தீர்க்கதரிசி பிறந்துவிட்டார்.

காசுக்கு டிப்ஸ் விற்கும் சந்தையில் இதற்கு மோசடிகூட வேண்டாம். சமபல அணிகளின் பத்து ஆட்டங்களை 1,024 பேர் நாணயம் சுண்டிக் கணித்தாலும், தொடர்ந்து பத்தையும் சரியாகச் சொன்னவராகச் சராசரியாக ஒருவர் மிஞ்சுவார். தோற்றவர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். மிஞ்சியவரின் விளம்பரம்தான் நம்மிடம் வந்து சேரும்.

“எண்பது சதவீதம் வெற்றி” என்கிறதா விளம்பரம்? பந்தய விலையைக் கேளுங்கள். நாம் கட்டும் ஒரு பிரிட்டிஷ் பவுன், ஜெயித்தால் எவ்வளவாகத் திரும்பும் என்பதே பந்தய விலை. அது 1.20 என்றால், நூறு ஆட்டத்தில் தலா 100 பவுன் கட்டி எண்பதில் ஜெயித்தால் வரவு 1,600. இருபதில் தோற்றால் செலவு 2,000. நிகர நட்டம் 400! விலை 5.00 என்றால், வெறும் இருபத்தைந்தில் ஜெயித்தவருக்கு 2,500 பவுன் லாபம். வெற்றிகளின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது.

விலைக்குள் இன்னொரு சூட்சுமம். சமபல ஆட்டத்துக்கு நியாயமான விலை 2.00. பந்தய நிறுவனம் தருவது, உதாரணமாக, 1.90. நூறில் ஐம்பது ஜெயித்தால் நட்டம்தான். கைக்காசு கரையாமல் இருக்கவே 52.6 சதவீதம் ஜெயிக்க வேண்டும். 55 சதவீதம் எட்டுபவர் கெட்டிக்காரர்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் இந்தப் பானையில் அது செல்லாது. நாணயத்தை நூறு முறை சுண்டினால் தலை 40 முதல் 60 வரை எங்கும் சாதாரணமாக விழும். ஆகவே நூறு டிப்ஸில் 55 என்பது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 55-ஐயும் 52.6-ஐயும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய ஏறக்குறைய 1,700 டிப்ஸ் வேண்டும். வாரத்துக்கு நான்கு என்றால் எட்டு ஆண்டுகள்!

அவ்வளவு காலம் காத்திருக்காமல் துப்பறிய ஓர் அழகான வழி உண்டு. ஆட்டம் தொடங்கும் நொடியில் இருக்கும் விலை ‘முடிவு விலை’. காயம், வானிலை, அணி மாற்றம் என ஆயிரக்கணக்கானோர் அறிந்ததெல்லாம் பணமாக வந்து அதில் கலந்திருக்கும். ஒருவர் 2.10-இல் சொன்னது திரும்பத் திரும்ப 1.95-இல் முடிகிறது என்றால், ஊர் அறியுமுன் அவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அது நல்ல தடயம். ஆட்டத்தின் முடிவில் அதிர்ஷ்டம் புகுந்து குழப்பும். விலையின் நகர்வில் அந்தக் குழப்பம் மிகக் குறைவு.

ஆனால் டிப்ஸ் உங்கள் கைக்கு வரும்போது அந்த 2.10 இருக்கிறதா? பாதிக்குப் பாதி ஜெயிக்கும் ஆட்டத்தில், 2.10 என்றால் நூறு பவுனுக்குச் சராசரி லாபம் 5, 1.95 என்றால் நட்டம் 2.50. அவருக்கு லாபமான அதே டிப்ஸ் உங்களுக்கு நட்டம்.

கடைசியாகச் சந்தா. மாதம் 60 ஆட்டத்தில் தலா 10 பவுன் கட்டினால் மொத்தம் 600. ஐந்து சதவீதம் என்ற அருமையான லாபம் கிடைத்தாலும் 30 பவுன்தான். சந்தாவும் 30 என்றால் மிச்சம் பூஜ்யம்.

ஆகவே பணம் கட்டுமுன், தோல்விகளையும் விடாமல், தேதி, நேரம், விலையோடு ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்ட முழுக் கணக்கைக் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குத் தன் ஐந்து வெற்றிகள் மட்டுமே தெரிந்தன. மற்ற 7,775 பேரைப் பார்த்திருந்தால் முதல் ரேஸிலேயே அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும்.