‘வித்தவுட்’: புறப்பொருளிலிருந்து இன்மைப் பொருளுக்கு

முன்னுரை

தமிழில் இன்மையை உணர்த்தும் ‘இன்றி’, ‘இல்லாமல்’ ஆகிய வடிவங்கள் ‘இல்’ என்னும் எதிர்மறை அடியிலிருந்து பிறந்தவை. இவற்றுக்கு ஈடாக ஆங்கிலத்தில் வழங்கும் ‘வித்தவுட்’ என்னும் சொல்லிலோ எதிர்மறை உறுப்பு எதுவும் இல்லை. அதன் உறுப்புகள் இரண்டும் இடத்தையும் திசையையும் குறித்தவை. இச்சொல் இன்மைப் பொருளை அடைந்த வழியையும், அதன் பழம்பொருளை அறியாவிடில் மொழிபெயர்ப்பில் நேரக்கூடிய பிழையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. சொல்லமைப்பும் பொருள் மாற்றமும்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் ‘விதூட்டன்’ என்பதாகும். இது ‘வித்’, ‘ஊட்டன்’ எனப் பிரியும். ‘ஊட்டன்’ என்பதற்கு ‘வெளியிலிருந்து, வெளிப்புறத்தில்’ என்பது பொருள். ‘வித்’ இன்று ‘உடன்’ என்னும் உடனிகழ்ச்சிப் பொருளைத் தருகிறது. அக்காலத்தில் ‘எதிராக, நோக்கி’ என்பனவே அதன் முதன்மைப் பொருள்கள். எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’, பின்வாங்குதலைக் குறிக்கும் ‘வித்டிரா’, கொடாது நிறுத்திவைத்தலைக் குறிக்கும் ‘வித்ஹோல்ட்’ ஆகிய வினைகளில் அப்பழம்பொருளின் சுவடு இன்றும் உள்ளது.

உடனிகழ்ச்சியைப் பழைய ஆங்கிலம் ‘மிட்’ என்னும் வேறொரு சொல்லால் உணர்த்தியது. ஜெர்மன் மொழியில் அதன் இனச்சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில், பேறுகாலத்தில் தாயுடன் இருக்கும் பெண்ணைக் குறித்த ‘மிட்வைஃப்’ என்னும் தொகைச்சொல்லில் அது எஞ்சியுள்ளது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘மிட்’ வழக்கொழிய, அதன் பணியை ‘வித்’ ஏற்றுக்கொண்டது.

இம்மாற்றத்தின் விளைவு குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் ‘வித்தவுட்’ என்பதன் எதிரிணை, ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘வித்தின்’ என்பதே. ‘வித்’ உடனிகழ்ச்சிப் பொருளைப் பெற்ற பின்னரே ‘வித்தவுட்’ அதன் எதிர்ச்சொல்லாகக் கொள்ளப்படும் நிலை உருவாயிற்று. ஆகவே ‘உடன் இல்லாமல்’ என இச்சொல்லைப் பிரித்துணர்வது பிற்காலப் பார்வையாகும்.

2. புறமும் இன்மையும்

ஓர் எல்லைக்குப் புறத்தே இருப்பது அதன் உள்ளிருப்பவற்றோடு சேராதது. அச்சேராமையே இன்மையாக விரிகிறது. இவ்வளர்ச்சி இச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. ‘ஊட்டன்’ என்னும் அதே உறுப்பைக் கொண்ட ‘பூட்டன்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல் ‘வெளியே’, ‘தவிர’, ‘இல்லாமல்’ என்னும் மூன்று பொருள்களிலும் வழங்கியது. இன்று ‘ஆனால்’ எனப் பொருள்படும் ‘பட்’ அதன் வழிவந்ததே. ஸ்காட்லாந்து வழக்கில் ஈரறை வீட்டின் வெளியறை ‘பட்’ என்றும் உள்ளறை ‘பென்’ என்றும் பெயர்பெற்றமை இடப்பொருளின் எச்சமாகும்.

தமிழ் இவ்விடத்தில் வேறுபடுகிறது. ‘பூட்டன்’ ஒன்றே உணர்த்திய ‘தவிர’, ‘இல்லாமல்’ என்னும் பொருள்களைத் தமிழ், ‘அல்’ அடியிலிருந்து வந்த ‘அன்றி’யாலும் ‘இல்’ அடியிலிருந்து வந்த ‘இன்றி’யாலும் பிரித்துணர்த்த வல்லது. புறத்தைக் குறிக்கும் ‘புறம்பு’, ‘உண்மைக்குப் புறம்பான’, ‘சட்டத்திற்குப் புறம்பாக’ என்னும் தொடர்களில் மாறுபாட்டுப் பொருளைப் பெற்றுள்ளது. ஆயினும் ‘இல்லாமல்’ என்பதன் இடத்தை அது ஏற்கவில்லை.

3. மொழிபெயர்ப்புச் சிக்கல்

1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் எபிரெயர் நிருபத்தில் இரு பொருள்களும் அருகருகே காணப்படுகின்றன. இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை என்னும் கருத்துடைய 9:22இல் ‘வித்தவுட்’ இன்மையைக் குறிக்கிறது. இயேசு நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டதைக் கூறும் 13:12இல் அதே சொல் புறத்தைக் குறிக்கிறது. கிரேக்க மூலத்தில் இவ்விடங்களில் முறையே ‘கோரிஸ்’, ‘எக்ஸோ’ என்னும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமிழ் விவிலியமும் முன்னதை ‘இல்லாமல்’ என்றும் பின்னதைப் ‘புறம்பே’ என்றும் வேறுபடுத்துகிறது. மூலத்தின் வேறுபாடு ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மறைய, தமிழில் வெளிப்பட்டு நிற்கிறது.

இம்மயக்கம் ஆங்கிலேயருக்கும் உண்டு. செசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் 1848இல் வெளியிட்ட சிறுவர் பாடல் ஒன்றில், குன்று நகர மதிலுக்கு வெளியே இருப்பதை இச்சொல்லே உணர்த்துகிறது. மதிலே இல்லாத குன்று எனப் பிறழ உணர இடமளித்ததால், பிற்காலப் பாடல் தொகுப்புகள் சில அதனை நீக்கி ‘அவுட்சைட்’ என மாற்றின. பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் ஒவ்வோரிடத்திலும் ‘புறத்தே’ என்னும் பொருள் பொருந்துமா என ஆராய்தல் வேண்டும்.

4. தமிழ்ப் பேச்சு வழக்கு

தமிழகப் பேச்சு வழக்கில் இச்சொல் பெயர்ச்சொல்லாகவே வழங்குகிறது. தேநீர்க் கடையில் ‘வித்தவுட்’ என்றால் சர்க்கரை இல்லாத தேநீர். தொடர்வண்டியில் ‘வித்தவுட்’ என்றால் பயணச்சீட்டு இல்லாத பயணம். இல்லாத பொருளின் பெயர் சொல்லப்படாமலேயே, சூழலால் அது சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

முடிவுரை

‘வித்தவுட்’ புறத்தைக் குறித்துப் பிறந்து, ‘வித்’ என்பதன் பொருள் மாற்றத்தின் துணையால் இன்மைச் சொல்லாக நிலைபெற்றது. தமிழ்ப் பேச்சு வழக்கில் இல்லாத பொருளையும் உள்ளடக்கிய பெயராயிற்று. தமிழ், இன்மைக்கு ‘இல்’ அடியையும் புறத்திற்குப் ‘புறம்’ அடியையும் தனித்தனியே கொண்டிருப்பதால், ஆங்கிலச் சொல்லின் இரு நிலைகளையும் மயக்கமின்றிப் பெயர்க்கும் வாய்ப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு உண்டு. அவ்வாய்ப்பைப் பயன்கொள்ள, இச்சொல்லின் வரலாற்றறிவு இன்றியமையாதது.