லினக்ஸ் கருனி: நிரல் மாற்றங்களின் மீளாய்வும் இணைப்பும்

லினக்ஸ் கருனி என்பது 1991 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய திறந்த மூலநிரல் மென்பொருள் ஆகும். இதன் மூலநிரலை எவரும் தரவிறக்கி மாற்றலாம். ஆயினும், அம்மாற்றம் முதன்மைக் களஞ்சியத்தில் சேர வேண்டுமாயின் பிறரது மீளாய்வைக் கடந்தாக வேண்டும்.

செயன்முறை

மாற்றமொன்று ஒட்டு என அழைக்கப்படுகிறது. எவ்வரி நீக்கப்பட்டது, எவ்வரி சேர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் எளிய உரையே இது. ஒட்டுக்கள் பெரும்பாலும் மின்னஞ்சலில் அனுப்பப்படுகின்றன. மீளாய்பவர் வரிகளுக்கிடையே தமது கருத்தை எழுதி அனுப்புவார். எழுதியவர் திருத்தி மறுபடியும் அனுப்புவார். பத்து முறைக்கு மேல் திருத்தப்பட்ட ஒட்டுக்களும் உண்டு. என்ன மாற்றப்பட்டது என்பதை நிரலே காட்டிவிடும் என்பதால், ஏன் மாற்றப்பட்டது என்பதையே விளக்கக் குறிப்பில் எதிர்பார்க்கின்றனர்.

வலையமைப்பு, கோப்பு முறைமை போன்ற பகுதிகளுக்குத் தனித்தனிப் பராமரிப்பாளர்கள் உள்ளனர். அவர்கள் ஏற்றுச் சேர்த்தவற்றை டோர்வால்ட்ஸ் தமது களஞ்சியத்துடன் இணைக்கிறார். இதற்கான காலம் ஒவ்வொரு பதிப்பு வெளியீட்டுக்கும் பின் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மட்டுமே. அதன்பின் பிழைதிருத்தங்களே பொதுவாக ஏற்கப்படும். 2004 முதல் ஒவ்வொரு ஒட்டின் விளக்கக் குறிப்பின் ஈற்றிலும், அதை எழுதியவரும் கைமாற்றியவர்களும் ஒப்பமிடுகின்றனர். எனவே ஒரு வரி யார் யார் வழியாக உள்ளே வந்தது என்பதைப் பின்னர் அறியலாம்.

2003 ஊடுருவல்

அக்காலத்தில் முதன்மைக் களஞ்சியம் பிட்கீப்பர் என்னும் மென்பொருளில் இருந்தது. அதன் படியொன்று சிவிஎஸ் வழங்கியில் வைக்கப்பட்டிருந்தது. 2003 நவம்பரில் யாரோ அப்படியினுள் இரண்டு வரிகளைச் சேர்த்தனர். மேலோட்டமாகப் பார்த்தால், பயனர் எண் சுழியமா எனச் சோதிக்கும் வரி போலவே அது தோன்றும். ஆனால் ஒப்பிடுவதற்குரிய '==' இருக்க வேண்டிய இடத்தில் '=' மட்டுமே இருந்தது. குறிப்பிட்ட முறையில் அந்நிரலை அழைக்கும் எவருக்கும் பயனர் எண் சுழியமாகி, கணினியின் முழு அதிகாரமும் கிட்டியிருக்கும்! அம்மாற்றத்துக்கு முதன்மைக் களஞ்சியத்தில் எப்பதிவும் இல்லாததால் வேறுபாடு விரைவில் கண்டுபிடிக்கப்பட்டது.

2005 இல் பிட்கீப்பரின் இலவசப் பயன்பாடு நிறுத்தப்பட்டபோது டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை எழுதினார். இதில் ஒவ்வொரு மாற்றத்தின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய மாற்றத்தின் எண்ணிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. பழைய வரியொன்றைத் திருத்தினால் அதன் பின்வரும் எண்கள் யாவும் மாறிவிடும்.

எனினும் கிட், களவாகச் செய்த திருத்தத்தைக் காட்டுமேயன்றி, ஒப்பமிட்டவரின் உள்நோக்கத்தைக் காட்டாது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளில், ஈராண்டுகளுக்கும் மேலாக நல்ல ஒட்டுக்களை அனுப்பிப் பராமரிப்பாளராகவே ஆன ஒருவர் 2024 இல் பின்கதவு ஒன்றைச் சேர்த்தார். அதை மீளாய்வு கண்டுபிடிக்கவில்லை. தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் நிரலாளரே அதைக் கண்டறிந்தார்.