கூகுளில் முதலிடம் விற்பனைக்கு அல்ல!

"மாதாமாதம் பணம் கட்டினால் கூகுளில் உங்கள் கடைதான் முதலில் வரும்" என்று தொலைபேசியில் பேசுகிறார்களே, நம்பலாமா? அடி அண்ணாமலை வணிகர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

நம்ப வேண்டாம். விளம்பரமாகக் குறித்து வரும் இடத்துக்குத்தான் காசு. மற்ற வரிசையைக் காசுக்கு மாற்றுவதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. கேட்ட சரக்கு, கடையின் தூரம், கடைக்குள்ள பெயர், இவற்றையே அது பார்க்கிறது.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் பக்தர் கைபேசியில் 'பக்கத்தில் மளிகைக் கடை' என்று தேடுகிறார். பௌர்ணமி இரவு நம் கடை திறந்திருக்கும். கூகுளிலோ 'மூடப்பட்டுள்ளது' என்றிருக்கும்! வியாபாரம் எதிர்க்கடைக்குத்தானே போகும்? அன்றைய நேரத்தை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். கட்டணம் கிடையாது.

சொந்த இணையதளம் வைத்திருப்போர் அடி அண்ணாமலை, அடியண்ணாமலை என்று இரு விதமாகவும் ஊர்ப்பெயரை எழுதி வைப்பது நல்லது. கைபேசிக்கு வரும் சரிபார்ப்பு எண்ணை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள், கடைப்பதிவே கைமாறிவிடும்.