கணக்குக் காட்டாதவர் குழுத் தலைவராகலாமா?

தென்காசியிலும் குற்றாலத்திலும் பதிவு பெற்ற சங்கங்களுக்குக் குறைவில்லை. வணிகர், ஓய்வூதியர், குடியிருப்போர், வாசகர் என ஒவ்வொரு தரப்பினருக்கும் ஒன்று உண்டு. இத்தகைய சங்கங்களின் துணைவிதிகளைப் புரட்டினால், தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கட்டடக் குழுவுக்கோ விழாக் குழுவுக்கோ யார் தலைவராகலாம் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே வரிதான்: செயற்குழு நியமிக்கும். சங்கப் பணம் செலவாவதோ இந்தக் குழுக்களின் கையால்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் செயற்குழுவில் குறைந்தது மூவர் வேண்டும், பதவிக்காலம் மூன்றாண்டுகளைத் தாண்டக் கூடாது என்கிறது. உட்குழுத் தலைவரின் தகுதியைச் சங்கம்தான் தன் துணைவிதியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கல் புதியதன்று. 2019 வரை நாமும் சேர்ந்திருந்த நெல்லை மாவட்டத்தின் மானூரில், சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையின் வாரியத்தில், அதாவது குழுவில், இடம்பெற முழுப் பங்கு உடைமையும் வேதக் கல்வியும் நன்னடத்தையும் வேண்டும் என்று அது விதிக்கிறது. எதற்கெடுத்தாலும் மறுத்துக்கொண்டே இருப்போருக்கு ஐந்து காசு தண்டம்! (நம் பொதுக்குழுக்களில் இதை வசூலித்தால் கட்டட நிதி விரைவில் நிரம்பிவிடும்.) ஆனால் இது பிராமண நிலவுடைமையாளரின் சபை. தகுதி என்ற பெயரில் எழுந்த மதில் ஊரின் பெரும்பகுதியை வெளியே நிறுத்தியது. ‘பத்தாண்டு ஆயுள் உறுப்பினர்’, ‘ஒரு லட்சம் நன்கொடையாளர்’ என்று இன்று எழுதப்படும் விதிகளும் அதே மதிலின் செங்கற்களே.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டும் நிலம், மனை, கல்வி, 35 முதல் 70 வரையிலான வயது என்று மதில் எழுப்பத்தான் செய்கிறது. எனினும் அதில் இரண்டு விதிகள் இன்றைக்கும் பொருந்துவன. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் எப்போதும் வர இயலாது; அவருடைய மாமன், மைத்துனன், மருமகன் வரை எவருமே வர இயலாது. ஊரே உறவாக இருக்கும் இடத்தில் இப்படி எழுதத் துணிவு வேண்டும். கிரிக்கெட் வாரியத்துக்காக 2016இல் லோதா குழு பரிந்துரைத்தவற்றிலும் 70 வயது வரம்பும் கட்டாய இடைவெளியும் இருந்தன. அந்த இடைவெளியை உச்ச நீதிமன்றமே 2022இல் தளர்த்தியது.

சிமெண்ட் என்ன விலைக்கு வந்தது, ஒப்பந்தக்காரர் யார் என்பது குழுத் தலைவருக்குத் தெரியும், உறுப்பினருக்குத் தெரியாது. பொருளியலில் இதைத் தகவல் சமனின்மை என்போம். தலைவரின் பட்டமோ செல்வமோ இந்த இடைவெளியைக் குறைக்காது. முந்தைய பொறுப்பின் கணக்கைப் பொதுக்குழு ஏற்றிருக்க வேண்டும், சங்கத்துக்குப் பொருள் விற்பவராகவோ அவருடைய நெருங்கிய உறவினராகவோ இருக்கக் கூடாது என்ற விதிகள் குறைக்கும். கட்டடம் தெரிந்தவர் தேவையென்றால் அவர் குழு உறுப்பினராக இருந்தால் போதும்.

ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி துணைவிதி ஏதுமின்றியே நடந்தது உண்மைதான். அங்கே கம்பனைச் சுவைத்தார்கள். கட்டட நிதி திரட்டவில்லை.

சிறிய சங்கங்களில் பொறுப்பேற்க ஆள் கிடைப்பதே அரிது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கும் துணைவிதியிலேயே வழி வைக்கலாம்: தகுதியானவர் எவரும் முன்வராவிட்டால், இடைவெளி விதியை மட்டும் ஓராண்டுக்குப் பொதுக்குழு தளர்த்தலாம், காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். கணக்கு விதிக்கு அந்தத் தளர்வு கூடாது.