விமான வழிகாட்டு கருவிகளை நிறுவும் செலவு

விமான வழிகாட்டு கருவிகள் என்பவை விமானம் இருக்கும் இடம், செல்ல வேண்டிய திசை, இறங்கும் பாதை ஆகியவற்றை விமானிக்குக் காட்டும் வானொலி மற்றும் செயற்கைக்கோள் அமைப்புகள் ஆகும். மேகமோ மழையோ மூடியிருக்கும் நேரத்தில் விமானம் ஓர் ஊரில் இறங்க முடியுமா, வேறு ஊருக்குத் திரும்ப வேண்டுமா என்பது பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தது. இந்தியாவில் இவற்றை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பு இந்திய விமான நிலைய ஆணையத்தைச் சேர்ந்தது.

தரைக் கருவிகள்

வி.ஓ.ஆர். என்னும் நிலையம் திசையையும், டி.எம்.ஈ. என்னும் கருவி தொலைவையும் காட்டுகின்றன. ஐ.எல்.எஸ். என்பது இறங்குவதற்கான அமைப்பு. இதன் ஒரு பகுதி ஓடுபாதையின் நடுக்கோட்டையும், மற்றொரு பகுதி சுமார் 3 பாகைச் சரிவையும் வானொலி அலைகளால் வரைந்து காட்டும். இதன் முதல் வகையில், விமானி தரையிலிருந்து 200 அடி உயரம் வரை கருவியை நம்பி இறங்கலாம். அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மீண்டும் மேலெழ வேண்டும்.

செலவின் கூறுகள்

கருவியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. ஐ.எல்.எஸ். சரிவு அலைகள் தரையில் பட்டு எதிரொலித்தே உருவாகின்றன. ஆகவே அலைவாங்கிக்கு முன்னுள்ள நிலத்தைச் சமப்படுத்த வேண்டும். ஓடுபாதைக்கு முன்னால் சுமார் 900 மீட்டர் நீளத்துக்கு வழிகாட்டு விளக்குகள் வேண்டும். அதற்குக் கூடுதல் நிலம் தேவைப்படலாம். பழுது ஏற்பட்டால் உடனே இயங்க இரண்டாவது ஒலிபரப்பி, மின்தடைக்கு மாற்று மின்சாரம், பயிற்சி பெற்ற பொறியாளர்கள் ஆகியோரும் வேண்டும். நிறுவிய பின்னரும், குறிப்பிட்ட கால இடைவெளியில் சிறப்பு விமானம் பறந்து அலைகளின் துல்லியத்தைச் சோதிக்க வேண்டும்.

ஓர் ஐ.எல்.எஸ். ஓடுபாதையின் ஒரு முனைக்கு மட்டுமே பயன்படும். காற்று மாறி விமானம் எதிர்முனையிலிருந்து இறங்க நேர்ந்தால் அது உதவாது. நாளொன்றுக்குச் சில விமானங்களே வரும் சிறு நிலையத்திலும் இச்செலவு பெரிதாகக் குறைவதில்லை. சிறு ஊர்களுக்கான விமான சேவையில் இதுவே முக்கியச் சிக்கல்.

ககன் திட்டம்

இச்சிக்கலுக்கு ஒரு விடையாக இந்திய விண்வெளி ஆய்வு மையமும் விமான நிலைய ஆணையமும் இணைந்து 774 கோடி ரூபாய்த் திட்ட மதிப்பீட்டில் ககன் அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் உள்ள 15 தரை நிலையங்கள் ஜி.பி.எஸ். குறிப்புகளில் உள்ள பிழையை அளக்கின்றன. பெங்களூரில் உள்ள மையங்கள் திருத்தத்தைக் கணக்கிடுகின்றன. ஜிசாட் செயற்கைக்கோள்கள் அதை விமானங்களுக்கு ஒலிபரப்புகின்றன. 2015 ஏப்ரலில், சரிவுப் பாதை காட்டி இறக்குவதற்கான சான்றிதழை ககன் பெற்றது.

ஓர் ஒப்பீடு இதன் சிக்கனத்தைப் புரியவைக்கும். 2025 ஜூலையில் திறக்கப்பட்ட தூத்துக்குடி விமான நிலையப் புதிய முனையத்துக்கு ஆன செலவு சுமார் 450 கோடி ரூபாய். காலமும் பண மதிப்பும் வேறு என்றாலும், நாடு முழுவதற்கும் பயன்படும் ககனின் திட்ட மதிப்பீடு அதுபோன்ற இரு முனையங்களின் செலவை எட்டவில்லை.

தென் தமிழ்நாட்டின் தொடர்பு

புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைப்பகுதி வழியே செல்கிறது. சங்கரன்கோவில், திருநெல்வேலி வட்டாரம் அதற்கு அருகில் உள்ளது. தும்பா ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இயங்குவதற்கும் இதுவே காரணம். இக்கோட்டின் இருபுறமும் அயனமண்டலம் மிகுந்த ஏற்ற இறக்கம் உடையது, அது ஜி.பி.எஸ். அலைகளைத் தாமதப்படுத்துகிறது. எனவே வெளிநாட்டுக் கணக்கீட்டு முறையை அப்படியே பயன்படுத்த இயலாமல், இந்தியாவுக்கெனத் தனி முறை உருவாக்க வேண்டியிருந்தது.

செலவை ஏற்பவர் யார்?

விமானத்தின் எடை, பறக்கும் தொலைவு ஆகியவற்றின்படி ஆணையம் விமான நிறுவனங்களிடம் வழிகாட்டு வசதிக் கட்டணம் பெறுகிறது. இறுதியில் அது பயணச்சீட்டின் விலையில் சேர்கிறது.

ககனைப் பயன்படுத்த விமானத்திலும் அதற்கான கருவி வேண்டும். அதாவது, தரையில் குறையும் செலவில் ஒரு பங்கு விமான நிறுவனத்தின் தலையில் ஏறுகிறது. 2016 ஆம் ஆண்டின் தேசியக் குடிமை விமானப் போக்குவரத்துக் கொள்கை புதிய விமானங்களுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கத் திட்டமிட்டது. பின்னர் அக்காலக்கெடு தள்ளிவைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ககன் வழிகாட்டுதலில் இறங்கியது.

வரம்புகள்

வட இந்தியாவின் கடும் பனிமூட்டத்தில் தேவைப்படும் உயர்வகை ஐ.எல்.எஸ். அமைப்புக்கு ககன் மாற்றாகாது. செயற்கைக்கோள் அலைகளுக்கு இடையூறு நேரக்கூடும் என்பதால் தரைக் கருவிகளை முற்றிலும் நீக்கவும் முடியாது. எனவே பெரிய நிலையங்களில் இரண்டும் தேவை. தனியாக ஐ.எல்.எஸ். வைக்க இயலாத சிறு நிலையங்களுக்கே ககனால் கிடைக்கும் பயன் மிகுதி.